ராஜாங்க உத்தரவாதம்

ஆண்பிள்ளைகள் மேல் நான் அளவு நாடா வைத்ததே கிடையாது. ஆனாலும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் சட்டை தைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. தைக்கக் கொடுப்பவர்கள் துணியோடு பழைய சட்டை ஒன்றையும் அளவுச் சட்டையாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை விரித்துப் போட்டால் போதும், ஆள் எதிரே வந்து நின்ற மாதிரிதான். எந்தத் தோள் இறக்கம், பையில் பேனா வைக்கிறவரா வெற்றிலை வைக்கிறவரா, மேசையில் முழங்கை ஊன்றுகிறவரா, எல்லாவற்றையும் துணியே சொல்லிவிடும். வாட்ச் கட்டுகிறவரா என்பதை இடது கையின் நுனிப் பட்டியான கஃப் சொல்லும். உட்பக்கம் தேய்ந்து ஓரம் பிசிறு தட்டியிருந்தால் வாட்ச்காரர். அவருக்கு இடது கஃப்பை வலதைவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், அகலமாக வெட்டுவேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை, நானாகச் செய்வதுதான்.

என் பெயர் செல்வாம்பாள். கன்னிகாஸ்திரீகள் நடத்திய வகுப்பில் தையல் கற்றவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கை கமலவேணியைப் படிக்க வைத்து ஆளாக்கியது என் தையல் மிஷின்தான். என்னைக் கட்டிக்கொண்டவர் அவளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாருமே கட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். ராஜாங்கம். மில்லில் ஃபிட்டர் வேலை. இப்படி ஒரு பெயர்க்காரருக்கு வாக்கப்பட்டதில் எனக்குப் பெரிய சங்கடம். பிரெஞ்சு ராஜாங்கம் போய் இந்திய ராஜாங்கம் வந்திருந்த நேரம் அது. கொடி மாறி மூன்றாவது வருஷம். குழாயடியிலிருந்து கோயில்வரை அதே பேச்சு. நான் மட்டும் அந்த வார்த்தை வரும் இடத்திலெல்லாம் ‘கவர்மெண்டு’ என்று போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். தெருப் பெண்கள் சும்மா விடுவார்களா? "என்னா செல்வாம்பா, உங்க வூட்டு கவர்மெண்டு மில்லுக்குக் கெளம்பியாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் காதில் விழாத மாதிரி சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். பேசுவது என்றால் அவருக்குக் கைக்காசு செலவழிகிற மாதிரி.

கமலவேணிக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. சக்கரபாணி, கம்பவுண்டர். பெண் பார்க்க வந்த அன்று, காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்த கமலவேணி, "யக்கா, அவுரு டம்ளரைக் கழுவற எடம் எதுன்னு கேக்குறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, இந்த இடத்தை விடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா குஞ்சம்மாள் நல்ல மாதிரி. ஆனால் அந்த வீட்டில் சொல் செல்வது தாய்மாமன் கலியபெருமாளுக்கு. பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு எழுதுவார், பேசுவார், கனவும் அதில்தான் காண்பார் என்று ஊரில் கேலி. எல்லாரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அவரும் வேறு எதற்கும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது குஞ்சம்மாள் சமையல்கட்டில் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார். மரப்பெட்டி மாதிரி ஒரு மிஷின். இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மேலே இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கீழே இழுப்பறையில் தூள் விழும்.

"பிரான்சு மிஷினு. அண்ணன் எனக்குக் கல்யாணச் சீரா குடுத்தது. அரியாங்குப்பத்துல வேற யார் வூட்லயும் இதும்மாதிரி கெடையாது" என்றார்.

நான் வாங்கி இரண்டு சுற்று சுற்றினேன். பெட்டியின் முகப்பில் பித்தளைத் தகடு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதில் ஏதோ பெயர், அதன் கீழே S.G.D.G. என்று நான்கு எழுத்து. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எழுத்துத் தெரியும். சட்டைப் பையில் இனிஷியல் பூவேலை செய்கிறவளுக்கு எழுத்துத் தெரியாமல் முடியுமா? இரண்டு G வருகிற இனிஷியலை நான் தைத்ததே இல்லை. ‘மிஷின் செஞ்ச ஆளோட இனிஷியல் போல’ என்று நினைத்துக்கொண்டேன். அது அப்படியே மனதில் நின்றுவிட்டது.

காபி குடித்த பிறகு முசியே தொண்டையைச் செருமினார். "ரொக்கம் வேணாம், பாத்திரம் பண்டம் உங்க இஷ்டம். என் மருமவன் கையில ஒரு மோந்த்ர் இருக்கணும். வாச்சு. ஸ்டைலா இருக்கணும், பிரான்சு சரக்கா இருக்கணும். பம்பாயில ஒட்டுப் போட்டு வர்ற தகரமெல்லாம் வேணாம்."

"வாங்கிக்கிட்டு வர்றேன் முசியே" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இவுரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரே. வாக்குக் குடுக்கிறது யாரு, நீயா அவுரா?"

"நான் சொன்னா அவுரு சொன்ன மாதிரிதான்."

முசியே உதட்டைப் பிதுக்கினார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் பிரான்சு வாட்சுக்கு எங்கே போவது? கப்பலில் சாமான் வந்து இறங்கிய காலம் முடிந்துபோயிருந்தது. புதிதாக எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது தாஜுதீன் பாய் கடை. தெற்கே பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிற வெள்ளைக்காரக் குடும்பங்களின் சாமான்களை வாங்கி விற்கிறவர். பழைய சாமான் வியாபாரம் அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அவர் சட்டையெல்லாம் நான் தைத்ததுதான்.

"கல்யாண வாச்சா? ஒக்காரு தங்கச்சி" என்று மூன்று வாட்சை எடுத்துப் பச்சை வெல்வெட் துணிமேல் வைத்தார்.

முதல் வாட்ச் கனமாக, தடியாக இருந்தது. அதைக் கட்டினால் எந்த கஃப்பும் பொத்தான் போட வராது. ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது, கண்ணைப் பறிக்கிற தங்க நிறம். டயல் புத்தம் புதிதாக வெள்ளை வெளேரென்று இருந்தது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இல்லை.

"பாய், இது மறுபடியும் எழுதின டயலு."

அவர் சிரித்துவிட்டார். "எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"கோணத் தையலை மைல் தூரத்துல இருந்து பாப்பேன் நான். இது எம்மாத்திரம்?"

மூன்றாவது வாட்சைக் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. சதுரம், ஆனால் முனையெல்லாம் மழித்த சதுரம். மணிக்கட்டின் வளைவுக்கு ஏற்ற மாதிரி முதுகு லேசாக வளைந்திருந்தது. வெண்ணெய் நிற டயலில் பன்னிரண்டு, மூன்று, ஒன்பது மட்டும்தான் எண்; ஆறு இருக்க வேண்டிய இடத்தில் விநாடிக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம்; மற்றதெல்லாம் சின்னக் கோடு. ஆடம்பரம் இல்லாத ஸ்டைல். இப்படித்தான் இருக்க வேண்டும் மாப்பிள்ளை வாட்ச் என்று எனக்குத் தோன்றியது.

தோன்றினால் போதுமா? பார்க்க ஆரம்பித்தேன். அளவுச் சட்டையைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் இல்லை. வெளிக் கூட்டில் முழங்கைப் பக்கத்து முனை இரண்டில் மட்டும் பொன் மங்கி உள்ளே இருக்கும் பித்தளை லேசாகத் தெரிந்தது. அது கஃப் உரசிய தேய்மானம். கட்டியிருந்தவர் முழுக்கைச் சட்டைக்காரர், கையை இடித்துக்கொள்ளாமல் நிதானமாக நடமாடியவர். வாரில் ஒரே ஒரு ஓட்டைதான் நீண்டுபோயிருந்தது. ஒருவரே கட்டியிருக்கிறார், கை மாறவில்லை. காதில் வைத்தேன். என் மிஷின் சீராக ஓடும்போது வருகிற மாதிரி ஒரே சத்தம், தடுமாற்றம் இல்லை.

"தங்கமா பாய்?"

"முலாம். முலாமைத் தங்கம்னு சொல்லி வித்தா அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும். ஆனா தடிமனான முலாம், ஒன் தங்கச்சி பேரப்புள்ள எடுக்கிற வரைக்கும் தாங்கும்."

பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சக்கரங்களின் நடுவே பொட்டுப் பொட்டாகச் சிவப்புக் கல். துரு இல்லை, கடல்காற்றின் உப்புப் படியவில்லை. மூடியைத் திருப்பி வெளிப்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. வட்டமாகப் பொறித்திருந்த எழுத்துகளில் கடைசியாக S.G.D.G.

"பாய், இது அதே ஆளு!"

"எந்த ஆளு?"

"காபி மிஷின் செஞ்ச ஆளு. சம்பந்தி வூட்ல இருக்குது. அதே இனிஷியலு."

பாய் தலையைச் சொறிந்தார். "எனக்கு பிரெஞ்சு தெரியாது தங்கச்சி. வாச்சுதான் தெரியும். வாச்சு நல்ல வாச்சு."

எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? காபி மிஷின் செய்தவனே வாட்சும் செய்வானா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. மிஷின் பிரான்சு என்றால் வாட்சும் பிரான்சு. பேரம் பேசினேன். என்ன விலைக்குப் படிந்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. பாய் புது வார் போட்டுக் கொடுத்தார். தேய்ந்த முனைக்கு மெருகு போட்டுத் தருகிறேன் என்றதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழசைப் பழசாகவே கொடுப்போம், மறைத்துக் கொடுக்க நமக்கு என்ன தலையெழுத்து?

வீட்டில் அவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். காலைச் சங்கு ஊதும்போது ஒரு தடவை, சாயங்காலச் சங்குக்கு ஒரு தடவை என்று மணி பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் சாப்பிடும்போது, "பரவால்ல" என்றார். அவர் பரவாயில்லை என்று சொன்னால் அதற்கு மேலே ஒரு சாமான் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வேட்டி, சட்டை எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். சட்டை நான் தைத்தது. சக்கரபாணியின் அளவுச் சட்டையில் இடது கஃப் வாட்சையே அறியாத கஃப்பாக இருந்தது. இருந்தும் இரண்டு நூல் கூட வைத்து வெட்டினேன். வரப்போகிற வாட்சுக்கு இடம் விட வேண்டாமா? நானும் அவரும் குதிரை வண்டி வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனோம். கமலவேணி வாசல்வரை வந்து, "யக்கா, வாச்சு அவுருக்குப் புடிச்சிதான்னு பாத்துக்கிட்டு வா" என்றாள். காது இரண்டும் சிவந்திருந்தது.

கூடத்தில் சொந்தக்காரர் கூட்டம். தட்டைப் பார்த்ததும் முசியே மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாட்சைத்தான் எடுத்தார். டயலைப் பார்த்து, "த்ரே பியான், ரொம்ப நல்லாருக்குது, ஸ்டைலாத்தான் இருக்குது" என்று தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, வாட்சைக் கவிழ்த்து, பின்மூடியைப் படித்தார். படித்ததை மறுபடியும் படித்தார். முகம் மாறியது.

"இதை எங்க வாங்கின?"

"ஏன் முசியே? காபி மிஷினு செஞ்ச அதே ஆளு செஞ்ச வாச்சு. இனிஷியலு பாத்துத்தான் வாங்கினேன்."

"இனிஷியலா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். "இது ஆளு பேரு இல்லே. சான் கரந்தி துய் குவெர்னுமான். தமிழ்ல சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. ராஜாங்கத்தின் உத்தரவாதம் இல்லாதது!"

மூலையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தன் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

கூடம் கசகசவென்றது. முசியேயின் குரல் ஏறியது. "ராஜாங்கமே கைகழுவின சரக்கு! அதைக் கொண்டாந்து என் மருமவன் கையில கட்டப் பாக்குறியா? நாலு எழுத்துப் படிச்சவன் நான் ஒருத்தன் இருக்கப்போய் தெரிஞ்சிது. நல்ல வாச்சா வரட்டும். அப்புறம் தாலியைப் பத்திப் பேசலாம்."

சக்கரபாணி ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனிஷியல் என்று நினைத்தது என் தப்புதான், அது புரிந்துவிட்டது. அந்த வெட்கம் ஒரு பக்கம். ஆனால் நான் ஏமாற்றுக்காரி இல்லை. என் தங்கை வாசலில் நின்று காத்துக்கொண்டிருப்பாள். வாட்ச் பிடித்ததா என்று கேட்பவளிடம், கல்யாணமே நின்றுவிட்டது என்று போய் நிற்பதா? இந்தக் கூடத்தைவிட்டுத் தலை குனிந்து போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. அப்போதுதான் புளி போட்டுத் தேய்த்த அந்தத் தகடு ஞாபகத்துக்கு வந்தது.

"அத்தே, காபி மிஷினைக் கொண்டாங்க" என்றேன்.

குஞ்சம்மாள் திகைத்துப்போனார். "இப்ப போயி காபியாம்மா?"

"காபி வேணாம். மிஷினு மட்டும் வரட்டும்."

மிஷின் வந்தது. முசியேயின் முன்னால் வைத்தேன். "நான் படிக்காதவ. நீங்க படிங்க முசியே. தமிழ்லயே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவர் பூதக்கண்ணாடியைத் தகட்டின் அருகே கொண்டுபோனார். அதற்குத் தேவையே இல்லை, எழுத்து அவ்வளவு பெரிசு. ஆனாலும் அவர் பூதக்கண்ணாடியைத் தகட்டைவிட்டு எடுக்கவே இல்லை.

குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அண்ணன் முகத்தைப் படிக்கத் தெரியும். "என்னாண்ணே, இதுலயும் அதேதான் எழுதியிருக்குதா?"

"அது வந்து குஞ்சு..."

"இதையும் ராஜாங்கம் கைகழுவிடுச்சா? அப்ப எனக்கு நீ குடுத்த சீரு டூப்ளிகேட்டா? இத்தினி வருசமா இந்த வூட்ல வந்தவங்க போனவங்க எல்லாரும் குடிச்சது டூப்ளிகேட் காபியா? ஒன்னையும் சேத்துத்தான் கேக்குறேன்!"

முசியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் கர்வக்காரர், ஆனால் பொய் சொல்லுகிறவர் இல்லை.

"இப்பதான் வெளங்குது" என்றார் மெதுவாக. "புதுசா ஒண்ணைக் கண்டுபுடிச்சவன் பதிவு பண்ணிக்கிட்டா, இதைப் போட்டுத்தான் ஆகணும் போல. கண்டுபுடிப்பு இவனோடதுன்னு ராஜாங்கம் எழுதிக்கும். சாமான் நல்லா ஒழைக்கும்னு ராஜாங்கம் பொறுப்பு ஏத்துக்காது. அவ்ளோதான் அர்த்தம். சரக்கு பிரான்சு சரக்குதான். மிஷினும் பிரான்சு. வாச்சும் பிரான்சு."

"அப்பிடிச் சொல்லு" என்று குஞ்சம்மாள் மிஷினை மடியில் வைத்துக்கொண்டார்.

முசியேக்கு அத்தோடு விட மனமில்லை. வாட்சைத் திருப்பி முனையைத் தடவினார். "ஆனா பழசு."

"பழசுதான்" என்றேன். "புதுசுன்னு நான் சொன்னேனா? தேஞ்ச எடத்துக்கு மெருகு போட வேணாம்னு சொல்லிக் கொண்டாந்தவ நான். தங்கம் இல்லே, முலாம். அதையும் நானே சொல்லிடுறேன். ஆனா நல்ல மனுசன் ஒருத்தன் ஒழுங்கா கட்டின வாச்சு. பொறுப்பில்லேன்னு சொல்லிச்சே அந்த கவர்மெண்டு, அது கப்பலேறிப் போயே போச்சு முசியே. வாச்சு இங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."

கூடம் கொல்லென்று சிரித்தது. சக்கரபாணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். முசியேயின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பேச்சு நல்லா பேசுற. நாளைக்கே நின்னுபோச்சுன்னா? எழுதிக் குடுத்த ராஜாங்கம் போயிடுச்சு, வித்த கடைக்காரன் தெரியாதுன்னுடுவான். அப்ப யாரு உத்தரவாதம்? நீயா? பொம்பள ஒன் வாக்கை வெச்சிக்கிட்டு ஊருக்கு நான் என்னா பதில் சொல்றது? ஆம்பள ஒருத்தர் வந்தாரு, அன்னிக்கும் பேசலே, இன்னிக்கும் பேசலே. சொல்லு, யாரு உத்தரவாதம்?"

அவரை அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. என்னைச் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தினம் தினம் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய், சங்கு ஊதும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்த மனுஷனை, ஒன்றுமே செய்யாதவர் மாதிரி ஊரார் முன்னால் சொல்லிவிட்டாரே. யார் உத்தரவாதம் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பதில்.

"ராஜாங்கம்" என்றேன்.

யாரோ ஒரு கிழவி ‘ஐயையோ’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குஞ்சம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முசியேக்கு முதலில் புரியவில்லை. "எந்த ராஜாங்கம்? பிரெஞ்சா, இந்தியாவா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லே" என்றேன். "எங்க வூட்டு ராஜாங்கம்."

மூலையில் கோரைப்பாய் சரசரத்தது. அவர் எழுந்து நின்றார். இவ்வளவு பேர் முன்னால் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ராஜாங்கம் நான்தாங்க" என்றார். "இந்த வாச்சை மில்லு சங்குக்கு வெச்சு வெச்சுப் பாத்தேன். ஒரு நாளும் பெசகலே. நின்னுச்சுன்னா எங்கிட்ட கொண்டாங்க, நான் சரி பண்ணித் தர்றேன். என் கை ஓடுற வரைக்கும் அது ஓடும். இது உத்தரவாதம்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே முசியேயைப் பார்த்தார். நான் அவரைத்தான் பார்த்தேன். என் புருஷன் என்று அந்தக் கூடத்துக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் போல இருந்தது.

முசியே வாட்சைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வயிறு குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஆவெக் கரந்தி துய் குவெர்னுமான்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ராஜாங்கத்தின் உத்தரவாதம் உள்ளது! இதுக்கு மேல என்னா வேணும்? டேய் சக்கரபாணி, சட்டையைப் போட்டுக்கிட்டு வா."

சக்கரபாணி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். முசியே தன் கையால் வாட்சுக்குச் சாவி கொடுத்து மருமகன் இடது கையில் கட்டினார். கஃப்பை இழுத்துப் பொத்தானைப் போட்டார். வாட்ச் உள்ளே வழுக்கிக்கொண்டு போய், கையை நீட்டியபோது பாதி முகத்தைக் காட்டியது. வலது கஃப்பையும் இடது கஃப்பையும் மாறி மாறிப் பார்த்தார் முசியே.

"இது அகலமா இருக்குதே. வாச்சு வேணாம்னு நான் சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

"நீங்க வேணாம்னு சொல்ற வாச்சை நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்றேன்.

"புடிச்சிருக்குதுன்னு சொல்லுங்க" என்றான் சக்கரபாணி மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி. அவனுக்கு என் தங்கையைத் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் வண்டி மெதுவாகப் போனது. பெயரைச் சொன்னதற்குக் கோபமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டும்போது, "நல்லாத்தான் இருந்துது" என்றார். "எது?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைய பேச்சுக்கான ஒதுக்கீடு அவருக்குத் தீர்ந்திருக்கும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வாட்ச் இன்றைக்கும் சக்கரபாணி கையில் ஓடிக்கொண்டிருக்கிறது, உத்தரவாதம் கொடுத்தவருக்கு இதுவரை வேலை வைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் முசியே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துணியும் அளவுச் சட்டையும். "எனக்கு ஒரு சட்டை. இடது கஃப்பை ரெண்டு நூல் அகலமா வெச்சுடு" என்றார்.

அளவுச் சட்டையை விரித்தேன். இரண்டு கஃப்பும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. "இந்தக் கை வாச்சு கட்டினதே இல்லியே முசியே."

"கட்டப் போறேன்." மீசையைத் தடவிக்கொண்டார். "அந்த பாய் கடையில ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். எழுதியிருக்கிறதையெல்லாம் நானே படிச்சுட்டேன். ஆனா வாச்சு எப்பிடின்னு நீ வந்து பாத்துச் சொல்லணும். உத்தரவாதத்துக்கு அவுரையும் கூட்டிக்கிட்டு வா."

உள்ளே அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முசியே காதில் விழும்படி இன்னொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. கத்தரிக்கோலைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"இந்தாங்க, கெளம்புங்க" என்று குரல் கொடுத்தேன். "முசியே வந்திருக்காரு. கவர்மெண்டு வராம வாச்சு வாங்க மாட்டாராம்."